ஓரச்சட்டம்

தமிழில் ‘சட்டம்’ என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அரசு இயற்றும் விதிக்கும் அதுவே பெயர். தச்சன் இழைத்துப் பொருத்தும் மரத்துக்கும் அதுவே பெயர். மலையகத்தில் பிறந்த எமக்கு முதற் பொருளே முந்தி அறிமுகமாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எம் பாட்டனாரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. பத்தாண்டு கழித்து, 1974இல், அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தது. இவ்வளவும் பாடநூலைத் திறக்குமுன்னரே எம் வீட்டுத் திண்ணையில் நாம் கேட்டறிந்தவை. சொல்லின் இரண்டாம் பொருளை நாம் கற்றதோ முப்பது வயதைக் கடந்த பின், ஒரு பழைய பாய்ப்படகின் ஓரத்திலே. அங்கே கற்றவற்றுட் சிலவற்றை ஆசிரிய நண்பர்களோடும் மாணவத் தோழரோடும் பகிர்ந்துகொள்வது பயனுடைத்து என்று கருதுகின்றோம்.

மலையிலே பாய்ப்படகா என்று வாசகர் வியக்கக்கூடும். வியப்புக்கு இடமில்லை. தேயிலையைக் கொண்டுவந்த வெள்ளைத் துரைமார் தம் ஊர்ப் பொழுதுபோக்குகளையும் உடன் கொண்டுவந்தனர். நுவரெலியாவின் வாவி 1873இல் தேசாதிபதி கிரெகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. 1889இல் அவ்வூரில் கொல்ப் கழகம் தோன்றியது. குதிரைப் பந்தயமும் வந்தது. கொழுந்துக் கூடை சுமந்தவள் அட்டைக் கடியைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்க்கும்படி, மலைக்கு மேலே ஒரு சிறு இங்கிலாந்து எழுந்து நின்றது. நாம் சொல்லவந்த படகும் அந்த இங்கிலாந்தின் ஒரு துண்டுதான். பதினான்கடி நீளம், ஒரு பாய்மரம், இருவரோ மூவரோ ஏறத்தக்கது. கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றப்பட்டு மலைக்கு வந்ததாகத் தோட்டத்து முதியோர் கூறுவர். 1975இல் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது துரை போனார், படகு போகவில்லை. பழைய ஸ்டோரின் ஒரு மூலையில், உடைந்த வாட்டுத் தட்டுகளோடும் கூரைத் தகரங்களோடும் அது கிடந்தது. 1992இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும் அதனை எவரும் எண்ணவில்லை. அண்மையில் அத் தோட்டத்துப் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக்கிய வர்த்தகர் ஒருவரே அதைக் கண்டெடுத்தார். பழமைக்கு இப்போது நல்ல விலையுண்டு அல்லவா? ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே அமைந்த அத் தோட்டத்தில், விடுதி முற்றத்து அலங்காரமாக அப்படகைப் புதுப்பித்து நிறுத்த வேண்டுமென்று அவர் விரும்பினார்.

வேலையை ஏற்றவர் தோட்டத் தச்சராயிருந்து ஓய்வுபெற்ற எழுபத்தெட்டு வயது முதியவர். கதவு, சன்னல், தொட்டில், சவப்பெட்டி என மனித வாழ்வின் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட யாவற்றையும் செய்த கை அவருடையது. துணைக்கு ஆறு பேர் வேண்டுமென்று எம்மிடம் கேட்டார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த எம் மாணவருள் நால்வர் ஆண்பிள்ளைகளும் இருவர் பெண்பிள்ளைகளும் பெற்றோர் இசைவுடன் முன்வந்தனர். நாமும் விடுமுறை நாட்களில் அவர்களுடன் சேர்ந்துகொண்டோம். ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டது. காகிதம் எதுவும் எழுதப்படவில்லை.

படகின் உடல் பெரும்பாலும் நலமாகவே இருந்தது. நலங்கெட்டிருந்தவை அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் சட்டங்களும், இருக்கையோரத் தடுப்புப் பலகையும், கைபிடிக்கும் கம்பை ஒத்த நீள்மரங்களுமே. இவற்றை அலங்காரம் என்று எண்ணுதல் தவறு. விளிம்புச் சட்டம் பலகைகளின் மேல்முனையை நீர் குடியாமற் காக்கின்றது. துறையிலே மோதும் அடியைத் தான் வாங்கிக்கொள்கின்றது. படகின் வளைவை இறுகப் பிடித்து நிறுத்துகின்றது. வெயிலும் மழையும் முதலில் தின்பது அதனையே. ஓரத்தில் இருப்பது அடிபடுவதற்காகவே வைக்கப்பட்டது. மலையகத்து மாணவருக்கு இதை விளக்க நாம் நெடுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

கழற்றுவதிலேதான் தச்சனின் பொறுமை தெரியும் என்றார் முதியவர். சட்டத்தின் மேல் ஒரு திருகாணியும் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஒவ்வொரு திருகாணியும் பள்ளத்துள் இறக்கப்பட்டு, அதன் தலைமேல் ஒரு சிறு மரத்தக்கை செருகப்பட்டிருந்தது. தக்கையின் இழையோட்டம் சட்டத்தின் இழையோட்டத்தோடு ஒன்றியிருந்தமையால் சாய்வெயிலில் வைத்துப் பார்த்தாலன்றி வட்டம் தெரியாது. தக்கையின் நடுவே மெல்லிய துளையிட்டு, ஒரு சிறு திருகாணியை அதனுள் முறுக்கினால், அது கீழிருக்கும் பித்தளைத் தலையிலே முட்டி நின்று தக்கையைத் தானே மேலே தூக்கிவிடும். உளியால் நெம்பினால் பள்ளத்தின் வாய் சிதையும். பின்னர் திருகாணித் தலையின் வெட்டைத் துப்புரவு செய்து, சூடேற்றிய இரும்பை அதன்மீது சிறிது நேரம் வைத்து, முதலில் ஒரு நூல் அளவு இறுக்கி, அதன் பின்னரே தளர்த்த வேண்டும். நேரே தளர்த்தினால் பழைய பித்தளை முறிந்துவிடும். நெடுங்காலத்தில் பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டுச் செம்பு மாத்திரமே எஞ்சும், அத்தகைய ஆணி வெளிறிய செந்நிறம் காட்டும், கைபட்டாலே நொறுங்கும். நாற்பது திருகாணிகளை எடுக்க எமக்கு நான்கு நாட்கள் ஆயின. எடுத்த ஒவ்வொரு சட்டத்தின் பின்புறத்திலும் இடம் வலம், முன் பின் குறித்து வெண்கட்டியால் இலக்கமிட்டோம். வளைந்த நீள்சட்டத்தை நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் சமமாகத் தளர்த்தி, நான்கு பேர் தாங்கி இறக்கினோம். ஒருவர் கை தாழ்ந்தாலும் அது விரிசல் கண்டிருக்கும்.

தக்கைகளைப் பற்றி முதியவர் கூறிய ஒன்றை இங்கு குறிக்காமற் செல்ல முடியாது. “தக்கையைப் பசை போட்டு ஒட்டக்கூடாதுங்க மாஸ்டர். வார்னிஷுல முக்கி வச்சாப் போதும். பசை போட்டா நாளைக்குக் கழட்டுறவன் பாடு திண்டாட்டமாயிடும்.” அந்த நாளைக்குக் கழட்டுறவன் யார்? அவனை இவர் காணப்போவதில்லை. அவன் இன்னும் பிறந்திராமலும் இருக்கலாம். ஆயினும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அவனது வேலை எளிதாக வேண்டுமென்று இவர் எண்ணுகின்றார். இப் படகைச் செய்தவனும் அவ்வாறே எண்ணியிருக்கின்றான். அதனாலேயே அவனது தக்கைகள் எம் கைக்கு இணங்கி வந்தன. ஆண்டு முடிவு இலாபக் கணக்கில் இத்தகைய எண்ணத்துக்கு ஒரு பத்தி உண்டா? உழைப்பாளருக்குள்ளே, காலங்கடந்து, முகம் அறியாமல் நிலவும் இத் தோழமையை நாம் எந்த வகுப்பறையிலும் கற்பிக்கவில்லை.

சட்டங்கள் சாம்பல் நிறமேறியிருந்தன. சூரிய ஒளியிலுள்ள புறவூதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பிலே நாரிழைகளைப் பிணைத்திருக்கும் பொருளைச் சிதைக்கின்றது. மழை அதனைக் கழுவிச் செல்கின்றது. எஞ்சுவது நரைத்த நார். எவரோ பிற்காலத்தில் இரும்பாணி அடித்த இடங்களில், மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு கலந்து மையாய்க் கறுத்திருந்தது. கையுறை அணிந்து, ஒட்சாலிக் அமிலக் கரைசலைப் பூசி, நன்றாக நீர்விட்டுக் கழுவியதும் அக்கறை நீங்கிற்று. மணற்கடதாசியால் மெல்லத் தேய்த்தபோது, நகக்கனமும் இல்லாத நரையின் கீழே தேன்நிறத் தேக்கு கண்விழித்தது. “பர்மாத் தேக்கு” என்றார் முதியவர், ஒரு துகளை மூக்கருகே வைத்து.

அந்த மணத்திலே ஒரு சரித்திரம் உண்டு. பர்மாவின் தேக்கங்காடுகளுக்காகவும் ஒரு போர் நடந்தது. பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பனி மரத்துக்குரிய தொகையைச் சரிவரச் செலுத்தவில்லையென்று மண்டலே அரசு விதித்த தண்டம் 1885ஆம் ஆண்டுப் படையெடுப்புக்குச் சாட்டாகியது. மலபார்த் தேக்கின் கதையும் ஒன்றுண்டு. எம் நாட்டுத் திருகோணமலையின் பெயர் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று பம்பாயில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சரின் மேற்பார்வையில் கட்டப்பட்டு 1817இல் நீரிலிறங்கியது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் 1990இல் தொடங்கி 2001 வரை அதனைப் புதுப்பித்தார்கள். அந்நாட்டில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது அதுவே. அதன் உடலில் மலபார்த் தேக்கு இன்னும் உறுதியாய் நிற்கின்றது. வாடியாவின் பெயரைச் சரித்திரம் எழுதிவைத்தது. மலபார்க் காட்டில் அம்மரத்தை வெட்டியவன், ஆற்றிலே மிதக்கவிட்டவன், பம்பாய்த் துறையில் வாளிழுத்தவன் ஆகியோரின் பெயரை எழுதியவர் எவர்?

இக்கேள்வி வெறும் மேடைக் கேள்வியன்று என்பதைப் படகே எமக்குக் காட்டிற்று. இருக்கையோரத் தடுப்புப் பலகையைக் கழற்றியபோது, அதன் அடியில் தேக்குக்குப் பதிலாக வேறொரு வெளிர்மரம் இரு துண்டுகளாக வைத்து இணைக்கப்பட்டிருந்தது. தேயிலைப் பெட்டியின் உட்கட்டை அது. அதன் கீழே, கைவிரலால் நீவி நீவி மடித்ததைப்போல, ஓர் ஈயத்தாள் விரிக்கப்பட்டிருந்தது. இளைய வாசகர் அறியாதிருக்கக்கூடும்: இன்று பல மடிப்புக் கடதாசிப் பைகளிற் செல்லும் தேயிலை அன்று ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே கப்பலேறிற்று. ஈரம் புகாதிருக்கப் பெட்டியின் உள்ளே முன்னாளில் ஈயத்தாளும் பின்னாளில் அலுமினியத்தாளும் இடப்பட்டன. அப்பெட்டிகள் இங்கே செய்யப்படவில்லை என்ற காலமும் இருந்தது. யப்பானிலிருந்தும் போல்டிக் கரையிலிருந்தும் அவை இறக்குமதியாயின. அத்தகைய பெட்டி ஒன்றின் ஈயத்தாளை எடுத்து, நீர் புகும் மூட்டுக்கு மறைப்பாக வைத்தவன் யாவன்? தோட்டத்துத் தச்சன் ஒருவன் என்பதில் ஐயமில்லை. தேக்கு அவனுக்குக் கிட்டவில்லை. கையிலிருந்ததைக் கொண்டு, கடலறியாத அவன், படகுத் தச்சருக்கும் எளிதிற் தோன்றாத ஓர் உபாயத்தைக் கண்டான். அந்த ஈயத்தாளுக்கு அடியிலிருந்த பலகை மாத்திரம், படகு முழுவதிலும், ஊறலின் சுவடேயின்றி இருந்தது. படகின் பின்புறத்துப் பித்தளைத் தகட்டிலோ துரையின் பெயர் ஆங்கில எழுத்தில் இன்னும் மின்னிற்று.

குத்தகைக்காரர் வந்து பார்த்தார். அவரும் தமிழர்தாம், கொழும்புக்காரர். “என்ன மாஸ்டர் இது, தேயிலைப் பெட்டிக் குப்பை! கழட்டி எறியுங்கோ. எல்லாம் பழையபடி அசல் தேக்கா இருக்க வேணும்” என்றார். அசல் எது என்பதே வழக்கு. துரை வாங்கிய அன்று இருந்தது அசல். ஒரு தொழிலாளி தன் மதியால் அதனை வாழவைத்தது குப்பை! பழமையைப் பேணுவதாகச் சொல்லிக்கொள்வோர் பெரும்பாலும் எப்பழமையைப் பேணுகின்றனர் என்பதை இந்த ஒரு வாக்கியம் தெளிவாக்கிற்று. பங்களாவின் கணப்பு பேணப்படும். லயத்து அடுப்பு பேணப்படாது. முதியவர் வாதாடவில்லை. “அய்யா, வெளியில தெரியிற பலகைய நான் தேக்குலயே போட்டுத் தாரேன். உள்ளுக்க இருக்கிறத எடுத்தா தண்ணி எறங்கும், அப்புறம் என்னையக் கேக்கக்கூடாது” என்றார். தண்ணீர் இறங்கும் என்ற சொல்லுக்கு அவர் இணங்கினார். நியாயம் சொல்லி வெல்ல முடியாத இடத்தில் தொழிலறிவு சொல்லி வென்றார் முதியவர்.

அடுத்த வழக்கு அவ்வளவு எளிதில் முடியவில்லை. கழற்றுதல் நான்கு நாள், பழுதான இடங்களை வெட்டிப் புதுமரம் இணைத்தல் ஐந்து நாள் எனின், தேய்த்தல் பதினோரு நாள். இழையோட்டத்தின் வழியே, கரட்டுக் கடதாசியில் தொடங்கி மென்கடதாசி வரை, அழுத்தாமல், வளைவு குலையாமல் தேய்க்க வேண்டும். இயந்திரத்தால் தேய்த்தால் சட்டத்தின் கனம் குறையும். அடுத்த முறை தேய்க்க மரம் இராது. பின்னர் வார்னிஷின் முதற்பூச்சை டர்ப்பன்டைன் கலந்து மெலிதாக்கி ஊறவிட்டு, மேலும் ஆறு பூச்சுகள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே மறுபடியும் தேய்ப்பு. இவ்வேலையைப் பெரிதும் செய்தவர்கள் பெண்பிள்ளைகள் இருவரே. கொழுந்தின் முதிர்ச்சியை விரல்நுனியால் அறியும் தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள். கண்மூடித் தடவி, மேடு எங்கே பள்ளம் எங்கே என்று சொன்னார்கள். எப்போது பூசலாம் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். ஈரக்காற்றில் பூசிய வார்னிஷ் பால்நிறமாய்ப் பூத்துவிடும். ஆகவே காலைப் பனி காய்ந்தபின்பும் பிற்பகல் மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறுமுன்பும் உள்ள சில மணி நேரமே எமக்குரியது. எதிர்மலை மறையத் தொடங்கியதும் தூரிகையைக் கழுவச் சொல்வார்கள்.

கூலி நாளில் குத்தகைக்காரர் ஆண்பிள்ளைகளுக்குப் பேசிய தொகையையும் பெண்பிள்ளைகளுக்கு அதில் முக்காற் பங்கையும் எண்ணி வைத்தார். காரணம் கேட்டோம். “அவையள் தேய்ச்சதுதானே” என்றார். அந்த இருவருள் ஒருத்தி எம் பக்கம் திரும்பி, “சேர், தேய்ச்சதுதான் கூட நாள். எங்க பாட்டிமாருக்கே சம சம்பளம் கெடச்சிருச்சு. எங்களுக்கு மட்டும் எப்படிக் கொறையும்?” என்று கேட்டாள். அவள் சொன்னது உண்மை. தோட்டத்துப் பெண்கள் ஆணுக்குச் சமமான நாட்சம்பளத்தைப் பெற்றது 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தினாலேயே. அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக, கொழுந்து பறித்துத் தோட்டத்தையே நடத்திய கைகளுக்குக் குறைந்த கூலியே விதியாயிருந்தது. அவ்வரலாற்றை அவள் எம் பாடத்தில் படிக்கவில்லை. பாட்டியிடம் படித்திருந்தாள்.

இன்னும் ஒரு சட்டம் பொருத்தப்படாமல் இருந்தது. முதியவர் அதனைத் துணியிற் சுற்றி மேசைமேல் வைத்தார். “எல்லாருக்கும் ஒரே கணக்கா வரட்டுங்க. பொறகு பூட்டலாம்.” ஆண்பிள்ளைகள் நால்வரும் தம் பணத்தை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு எழுந்தனர். அவர்களிடம் நாம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு பதிவுசெய்கின்றோம். இரண்டு நாட்கள் படகு ஒரு பக்கம் ஓரமின்றி நின்றது. மூன்றாம் நாள் பணம் முழுதாய் வந்தது. குத்தகைக்காரரின் மனம் மாறிற்று என்று நாம் கூறமாட்டோம். விடுதியின் திறப்பு நாள் நெருங்கிற்று, அவ்வளவே. உரிமைகள் பலவும் இவ்வாறே கிட்டியிருக்கின்றன. கொடுப்பவரின் இதயத்திலிருந்து அல்ல, அவரது நாட்காட்டியிலிருந்து.

வேலை நடந்த நாட்களில், உணவு இடைவேளையில், அன்னபூரணியின் கதையை மாணவருக்குச் சொன்னோம். வல்வெட்டித்துறைத் தச்சர் கட்டிய பாய்க்கப்பல் அது. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் செலுத்த, பெருங்கடல்களைக் கடந்து, 1938 ஓகஸ்டில் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அது அடைந்தது. புறப்படுமுன் அதன் பெயர்ப்பலகை மாற்றப்பட்டு, ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டது. கப்பலின் ஒரு பலகையை மாற்றினால் அதைக் கட்டியவரின் நினைவையே மாற்றிவிடலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஆயினும் வல்வை மக்கள் இன்றளவும் அதனை அன்னபூரணி என்றே அழைக்கின்றனர்.

மாணவன் ஒருவன், “கப்பல் கட்டினவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க சேர். நம்ம ஆளுங்களுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?” என்றான். தொண்டியிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் பாய்த்தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்திறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர் யார் என்று கேட்டோம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டிக் கப்பல் ஓடத் தொடங்குமுன்னர் எம் முன்னோருட் பலரைச் சுமந்தது பாய்தான். வழியிலே வாந்திபேதியிலும் பசியிலும் மடிந்தோர்க்குக் கணக்கில்லை. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அப்பாதையையே மீண்டும் மிதித்தார்கள். எவரேனும் அத்தோணிகளுள் ஒன்றைத் தேடி எடுத்து, சட்டம் இழைத்து, வார்னிஷ் பூசி, ஒரு முற்றத்தில் நிறுத்தியதுண்டா? துரை உலாப்போன படகு கிடைத்தது. பாட்டன் வந்த தோணி கிடைக்கவில்லை. அம்மாணவன் அதற்குப் பிறகு பேசவில்லை. அன்று பிற்பகல் தன் பங்குத் தக்கைகளை ஒன்றுக்கு இருமுறை இழைபார்த்துச் செருகினான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கைவேலை என்பது படிப்பு ஏறாதவனுக்கு என்ற எண்ணம் எம் பாடசாலைகளில் இன்னும் ஒழியவில்லை. லயத்திலிருந்து பிள்ளையை மீட்பதே கல்வியின் நோக்கம் என்று கருதும் நாம், லயத்தோடு சேர்த்து உழைப்பையும் இழிவென்று அவனுக்குக் கற்பித்துவிடுகின்றோம். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது நல்லது. ஆயினும் உளியைப் பற்றி எழுதும் விடைத்தாள் உளியைப் பிடித்த கைக்கு ஈடாகாது. பித்தளை ஏன் நொறுங்குகின்றது என்பதில் இரசாயனம் இருந்தது. சட்டம் வளைவதில் பௌதிகம் இருந்தது. தேக்கின் மணத்தில் சரித்திரம் இருந்தது. கூலி எண்ணிய மேசையில் பொருளியல் இருந்தது. ஆறு பாடநூல்கள் தனித்தனியே சொல்லியும் ஏறாத செய்தி ஒரு விளிம்பைச் சுற்றி வந்தபோது ஏறிற்று.

அவ்வறுவரில் ஒருவன் முதியவரிடமே தொழில் பழகுகின்றான். சம்பளக் கேள்வி கேட்டவள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவைத் தேர்ந்து, அதற்காகத் தினந்தோறும் இரண்டு பேருந்து மாறிச் செல்கின்றாள். முற்றத்துப் படகின் முன் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அவர்கள் வியப்பது மேற்பூச்சின் ஒளியை. ஒளிக்குக் கீழே பதினோரு நாளின் தேய்ப்பு. அதற்குக் கீழே தேக்கு. அதற்கும் கீழே தேயிலைப் பெட்டியின் கட்டை. யாவற்றுக்கும் அடியில் பெயரறியாத் தச்சன் ஒருவன் விரித்த ஈயத்தாள். அது இருக்கும்வரை நீர் இறங்காது. தோழரே, உங்கள் ஊரிலும் பழைய பொருள் ஒன்று புதுப்பிக்கப்படும்போது ஒருமுறை அருகே செல்லுங்கள். பூசுவதற்கு முன்னே செல்லுங்கள். ஓரச்சட்டம் கழற்றப்பட்டிருக்கும் அந்தச் சில நாட்களிலேதான் அதைச் செய்தவர் யாரென்று காண முடியும்.